பதினெட்டாம் அதிகாரத்தைக் காணவில்லை

கிறிஸ்தவப் பிரசங்க மேடையில் ஓய்வே இல்லாமல் வேலை வாங்கப்படும் மனிதர் ஆபிரகாம். கன்வென்ஷன் என்றால் ஆபிரகாம். உபவாச ஜெபம் என்றால் ஆபிரகாம். ஆலயக் கட்டட நிதியில் துண்டு விழுகிறதா? கூப்பிடு ஆபிரகாமை.

கதை நமக்கு மனப்பாடம். கடவுள் மகனைக் கேட்டார். ஆபிரகாம் ஏன் என்று கேட்கவில்லை. அதிகாலையில் எழுந்தார். கழுதைக்குச் சேணம் கட்டினார். விறகு பிளந்தார். ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு மோரியாவுக்கு நடந்தார். கத்தியை ஓங்கிய பிறகுதான் வானத்திலிருந்து தடை உத்தரவு வந்தது. இதுதான் கீழ்ப்படிதல் என்கிறார் போதகர். நிபந்தனை இல்லாத கீழ்ப்படிதல். முணுமுணுக்காத கீழ்ப்படிதல். சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறார். உங்கள் ஈசாக்கு எது என்று கேட்கிறார். பதிலுக்குக் காத்திருப்பதில்லை. காணிக்கைப் பை புறப்பட்டுவிடுகிறது.

இது ஆதியாகமம் 22ஆம் அதிகாரம். நடுங்க வைக்கிற அதிகாரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கு அதிகாரம் முன்னால் புரட்டினால் இதே ஆபிரகாம் வேறு மாதிரி நிற்கிறார். சோதோமை அழிக்கப் போவதாகத் தெரிந்ததும் கடவுளையே மறித்துக்கொண்டு நிற்கிறார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் ஊரை விட்டுவிடுவீரா? சரி, விடுகிறேன். நாற்பத்தைந்து? நாற்பது? முப்பது? இருபது? கடைசியில் பத்து. ஆறு முறை பேரம். உலகத்துக்கே நியாயம் தீர்க்கிறவர் நியாயம் தவறலாமா என்று முகத்துக்கு நேரே ஒரு கேள்வியும் உண்டு. கடவுள் கோபிக்கவில்லை. கேட்டவரைச் சபையைவிட்டு நீக்கவும் இல்லை. ஆறு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

இந்தப் பேரத்தைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? சோதோமின் பாவங்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அது சுவையான தலைப்பு, அடுத்தவன் பாவம். கேள்வி கேட்ட ஆபிரகாமைத்தான் காணவில்லை. கத்தி பிடித்த ஆபிரகாம் மட்டும் மேடை மேடையாக நின்றுகொண்டிருக்கிறார்.

கடவுளை முழுமனதாக நம்புவது பெரிய காரியம். அதைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது. அப்படி நம்பி, கடனிலும் நோயிலும் தலை நிமிர்ந்து நடந்த எளிய மனிதர்கள் ஒவ்வொரு சபையிலும் பின்வரிசையில் இருக்கிறார்கள். என் கோபம் முன்வரிசை மீது. நிபந்தனையில்லாமல் கீழ்ப்படியச் சொல்கிறவர்கள் கடவுளோடு தங்களுக்கென்று தனி ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் நிபந்தனைகள் ஏராளம். சட்டம் பெஞ்சுக்கு. விலக்கு பீடத்துக்கு.

பணத்திலிருந்து தொடங்குவோம். அவர்களும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வேதாகமத்தில் இயேசுவின் போதனை இருக்கிறது. அதற்கு ஆயிரம் வியாக்கியானம். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்பது உருவகம். ஆஸ்தியை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்பது அந்தக் காலத்து ஓர் இளைஞனுக்கு மட்டும் சொன்னது. ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் அளவுக்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஒட்டகம் சௌகரியமாக நுழைந்துவிடுகிறது. உருவகம் ஆகாத வசனம் ஒன்றே ஒன்று. மல்கியா 3:10. தசமபாகத்தைக் களஞ்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு வியாக்கியானம் இல்லை. அது எழுத்துக்கு எழுத்து, ரூபாய்க்கு ரூபாய்.

மல்கியா மொத்தமே நான்கு அதிகாரம். சின்னப் புத்தகம். மூன்றாம் அதிகாரத்துக்கு வருகிறவர்கள் முதல் இரண்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே என்ன இருக்கிறது? திட்டு. யாருக்கு? ஆசாரியர்களுக்கு. குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிற ஆசாரியர்களுக்கு. நியாயத்தில் முகதாட்சணியம் பார்க்கிற ஆசாரியர்களுக்கு. அவர்கள் முகத்தில் சாணியை இறைப்பேன் என்கிற அளவுக்குக் கடவுள் அங்கே பேசுகிறார். நாசூக்கு கருதி நம் போதகர்கள் அந்தப் பக்கங்களைத் தவிர்த்துவிடுகிறார்கள் போலும்.

தசமபாகம் எங்கே போக வேண்டும் என்று உபாகமம் 14ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. கொடுக்கிறவன் அதை ஆண்டவர் சந்நிதியில் தன் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். தூரம் அதிகமென்றால் விற்றுக் காசாக்கி, விரும்பியதை அங்கே வாங்கி மகிழலாம். திராட்சரசமும் அந்தப் பட்டியலில் உண்டு. மூன்றாம் வருடம் அது ஊரில் இருக்கிற லேவியனுக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும். கொடுத்தவனும் சாப்பிட்டான், இல்லாதவனும் சாப்பிட்டான். இன்று? விதவை கொடுக்கிறாள். லேவியன் கார் வாங்குகிறான்.

தயங்குகிறவர்களுக்கு அனனியா, சப்பீராள். அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரம். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்த தம்பதி. இருவரும் செத்து விழுந்தார்கள். இந்தக் கதை சொல்லப்படும்போது சபையில் ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் முந்தைய அதிகாரத்தின் கடைசி வசனங்களை யாரும் வாசிப்பதில்லை. அப்போஸ்தலர் பாதத்தில் வைத்த பணம் அப்போஸ்தலர் கணக்கில் ஏறவில்லை. அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அவர்களில் குறைச்சல்பட்டவன் ஒருவனும் இல்லை என்று எழுதியிருக்கிறது. அந்த இருவர் செத்தது கணக்கை மறைத்ததற்காக. அந்தத் தண்டனை இன்று அமலில் இருந்தால் எத்தனை திருமண்டல அலுவலகங்களில் திங்கட்கிழமை காலை ஆள் இருக்கும்?

இந்தத் தொழிலின் தலைமையகம் அமெரிக்கா. அங்கே கென்னத் கோப்லாண்ட் என்றொரு ஊழியக்காரர். சொந்த ஜெட் வைத்திருக்கிறார். ஏன் என்பதற்கு 2015இல் விளக்கம் சொன்னார். எல்லோரும் போகிற விமானத்தில் ஏறுவது பேய்க்கூட்டத்தோடு ஒரு நீளக் குழாய்க்குள் அடைபடுவது போன்றதாம். டிக்கெட் வாங்கிய பேய்கள் நாம். இன்னொருவர் ஜெஸ்ஸி டுப்லாண்டிஸ். 2018இல் 5 கோடியே 40 லட்சம் டாலர் ஜெட்டுக்காக விசுவாசத்தில் இணையும்படி சபையைக் கேட்டார். இயேசு இன்று இருந்தால் கழுதையில் போகமாட்டார் என்பது அவர் வாதம். போகமாட்டார்தான். அந்த ஊழியக்காரரின் ஜெட்டிலும் ஏறியிருக்கமாட்டார். நம் ஊர்ப் பிரசங்கிகள் இன்னும் ஜெட்டுக்கு வரவில்லை. விசுவாசக் குறைவு அல்ல. ரூபாயின் மதிப்புக் குறைவு.

அடுத்தது நாற்காலி.

விசுவாசிகள் தங்களுக்குள் வழக்கு வந்தால் அவிசுவாசிகளின் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டால்தான் என்ன, நஷ்டத்தை ஏற்றுக்கொண்டால்தான் என்ன என்றும் கேட்டார். முதல் நிருபம், 6ஆம் அதிகாரம். சுற்றிவளைக்காத கட்டளை.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் பெரிய ஆலயத்தில் பிறந்தது. பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றானது உலகமே வியந்த செய்தி. எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இயேசுவின் ஜெபம்தான் அதன் இலச்சினையில் இருக்கிறது. அந்த ஒற்றுமைக்கு இன்று காவலர் யார்? நீதிமன்றம். பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கும் திருத்தத்திலும் தேர்தலிலும் மூண்ட சண்டை சென்னை உயர் நீதிமன்றம் போய், 2024இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவர் நிர்வாகிகளாக நியமிக்கப்பட்டு, அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போனது. உலகத்தை வெறுத்துவிடச் சொல்லும் பீடத்திலிருந்து மூன்று வருடம் முன்னதாக இறங்குவது அத்தனை கஷ்டமான சிலுவை.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் வந்தால் சட்டமன்றத் தேர்தல் தோற்றுவிடும். அணிகள் உண்டு. சுவரொட்டி உண்டு. வேன் உண்டு, பிரியாணி உண்டு. தேவ சித்தம் எந்த அணிக்கு என்பது வாக்கு எண்ணும்வரை தேவனுக்கே தெரியாது. 2023 ஜூனில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலித் திருமண்டல அலுவலக வளாகத்தில் மதபோதகர் ஒருவரை விரட்டி விரட்டி அடித்தார்கள். காணொளி நாடெங்கும் ஓடியது. நாடாளுமன்ற உறுப்பினர் உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிவானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்தில் சாந்தகுணம் பற்றிப் பிரசங்கம் நடந்ததோ, அந்தப் போதகரின் தைரியம் பாராட்டத்தக்கது.

மருத்துவக் கல்லூரி இடத்துக்குப் பணம் வாங்கியதாக எழுந்த புகாரில் 2022இல் அமலாக்கத் துறை திருவனந்தபுரத்தில் தென்கேரளத் திருமண்டல அலுவலகத்துக்குள் நுழைந்து சோதனை நடத்தியது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்கு ஒரு சந்தேகம்தான். மறைவானது ஒன்றும் வெளியாகாமல் போகாது என்று இயேசு சொன்னாரே, அதை நிறைவேற்ற அமலாக்கத் துறை வர வேண்டியிருக்கிறதே. ஒரு தணிக்கையாளரை நாமே அனுப்பியிருக்கக் கூடாதா?

பீடத்தை மட்டும் அடித்தால் பெஞ்சு கைதட்டும். ஆகவே இப்போது பெஞ்சு.

சாதியைப் பற்றிக் கடவுள் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு என்ன கட்டளையிட்டார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. உன்னைப்போல் பிறனை நேசி. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று. பிள்ளைகள் ஞாயிறு பள்ளியிலேயே ஒப்பிப்பார்கள். பரிசாக டிபன் பாக்ஸ் வாங்குவார்கள். அதோடு அந்த வசனத்தின் வேலை முடிந்தது.

வரலாற்றைப் புரட்டுங்கள். தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் சபைகளைக் கட்டியவர். பறையர் சமூகத்தில் பிறந்தவர். 1741இல் குருப்பட்டத்துக்கு அவர் பெயர் வந்தது. அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று பேச்சு எழுந்தது. பட்டம் ஒரு வேளாளருக்குப் போனது. கிறிஸ்துவின் சரீரம் என்று நம்பித்தான் அப்பத்தை வாங்கினார்கள். நீட்டுகிற கை யாருடையது என்று பார்த்துவிட்டு வாங்கினார்கள்.

1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியில், தஞ்சாவூரில், திருச்சியில் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். முன்னோர் தெய்வங்களை விட்டவர்கள் அவர்கள். விபூதியை விட்டவர்கள். உறவை விட்டவர்கள்கூட உண்டு. சாதியை விடச் சொன்னதும் சபையை விட்டார்கள். கடவுளுக்கு எல்லாவற்றையும் கொடுத்தார்கள், அந்த ஒன்றைத் தவிர.

வடக்கன்குளத்தில் 1870களில் கட்டிய கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரிந்திருந்தது. ஒரு காலில் வேளாளர். மறு காலில் நாடார் முதலான மற்றவர்கள். நடுவில் சுவர். இரு பக்கமும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910இல் கோசானல் சாமியார் சுவரை இடித்தார். இடித்ததற்காக வேளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள். சொர்க்கத்தில் பக்கத்து இருக்கை யாருக்கு என்று அவர்கள் விசாரித்தார்களா, தெரியவில்லை.

பழங்கதை என்று தப்பிக்க வேண்டாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் பிணத்தையும் மற்றப் பிணத்தையும் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். செத்தவனுக்கும் தீட்டு. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். எக்காளம் தொனிக்கும்போது இந்தப் பக்கம் எழுந்திருக்கிறவர் அந்தப் பக்கம் தாண்டிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை போலும். எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் கலவரம் வெடித்தது; துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். கோட்டப்பாளையம் தலித் கத்தோலிக்கர்கள் கல்லறையிலும் திருவிழாவிலும் தங்களை ஒதுக்குவதாக முறையிட்டு உச்ச நீதிமன்றத்துக்கே போய்விட்டார்கள். 2025இல் நீதிமன்றம் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. திருச்சபை விளக்கம் சொல்ல வேண்டிய இடம் டெல்லி அல்ல. ஆனால் அதைவிட மேலான இடத்தைப் பற்றிய பயம் அங்கே யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்க மறுக்கிறது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 10ஐச் சபைகள் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. கோரிக்கை நூறு சதவீதம் நியாயமானது. அரசு செய்வது அநீதி. ஆகஸ்ட் 10 கறுப்புக் கொடி. ஆகஸ்ட் 11 காலையில் கல்லறைச் சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வரலாற்றைப் புரட்ட நேரமில்லையென்றால் கிறிஸ்தவப் பத்திரிகையின் மணமக்கள் பக்கத்தை வாசியுங்கள். மறுபடி பிறந்த அனுபவம் உள்ள, ஜெபவாழ்க்கை உள்ள, தேவ சித்தத்துக்குக் காத்திருக்கிற பெண் தேவை. அடுத்த வரியில் சாதி. அதற்கடுத்து உட்பிரிவு. தேவ சித்தம் என்ன மாயமோ, ஒருநாளும் சாதி எல்லையைத் தாண்டுவதில்லை. வரதட்சணை கேட்கவில்லை என்பார்கள். பெண் வீட்டார் பிரியப்பட்டுச் செய்வதைத் தடுப்பது அன்பல்ல என்பார்கள். இருவர் ஒரே மாம்சமாகிறார்கள். பவுன் மட்டும் தனியாக எண்ணப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் மகுடம் தேவசகாயம். நீலகண்டன் என்ற பெயரில் மார்த்தாண்டவர்மாவின் அரசில் வேலை பார்த்தவர். 1745இல் ஞானஸ்நானம் பெற்றார். ஒடுக்கப்பட்டவர்களோடு ஒன்றாக உட்கார்ந்தார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நிபந்தனையில்லாத கீழ்ப்படிதலுக்கு நம் மண்ணில் அவரைவிடச் சாட்சி வேண்டாம். அவருக்கு நாம் என்ன செய்தோம்? உயிர் கொடுத்து அவர் உதறிய சாதிப் பட்டத்தை எடுத்துத் தூசி தட்டி அவர் பெயருக்குப் பின்னால் ஒட்டினோம். தேவசகாயம் பிள்ளை. எதிர்ப்புக் கிளம்பி, 2020இல் வத்திக்கான் தலையிட்டு அந்த வாலை வெட்டியது. 2022 மே 15 அன்று வெறும் தேவசகாயமாகப் புனிதர் ஆனார். தமிழ்நாட்டில் ஒட்டியதைக் கிழிக்க ரோமாபுரி வரை போக வேண்டியிருந்தது.

கீழ்ப்படிய வேண்டிய கட்டளைகளுக்கு இந்தக் கதி. கீழ்ப்படியவே கூடாத கட்டளைகளுக்கோ ஆள் தட்டுப்பாடே இல்லை.

2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலை நாட்டைத் தின்றுகொண்டிருந்தது. தென்கேரளத் திருமண்டலம் மூணாறில் குருமாருக்குத் தியான முகாம் நடத்தியது. நானூறு பேருக்கு மேல் கூடினார்கள். தொற்று பரவியது. குருமார் சிலர் இறந்தார்கள். காவல்துறை வழக்குப் பதிந்தது. போகமாட்டேன் என்று சொல்ல அவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? கீழ்ப்படியாமை பாவம் என்று ஆயுள் முழுக்கப் பிரசங்கித்தவர்கள். தங்கள் பிரசங்கத்தில் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். கடவுளைச் சோதிக்காதே என்று ஆலயத்தின் உப்பரிகையில் நின்று இயேசு சாத்தானுக்குச் சொன்ன பதில் முகாமின் நிகழ்ச்சிநிரலில் இல்லை.

மாத்திரையை விட்டுவிடு, விசுவாசி என்று சொல்கிற சுகமளிக்கும் கூட்டங்கள் நம் ஊரில் உண்டு. சர்க்கரை நோயாளி நம்பிக் கால் விரலை இழக்கிறார். விசுவாசம் பத்தவில்லை என்று அவர் மீதே தீர்ப்பு. சுகமளித்தவருக்கு முழங்கால் வலி வந்தால் வேலூர் போகிறார். அங்கே எலும்பு மருத்துவரிடம் விசுவாசம் பூரணமாக இருக்கிறது.

இதன் கடைசி நிறுத்தம் எது என்பதை 2023இல் கென்யா காட்டியது. ஷகஹோலா காடு. பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று பால் மக்கென்சி என்ற போதகர் சபையாரை நம்பவைத்தார் என்பது வழக்கு. நானூறுக்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். பலர் பிள்ளைகள். போதகர் குற்றத்தை மறுக்கிறார். மறுப்பதற்கு அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அந்தக் காட்டில் 22ஆம் அதிகாரம் அச்சு அசலாக நடந்தது. மகனைக் கேட்டார்கள், கொடுத்தார்கள். கத்தியைத் தடுக்கும் குரல் வரவில்லை. கேட்டது கடவுளே இல்லை. பிறகு தடுப்பவர் யார்?

உண்மையாகவே கீழ்ப்படிந்தவர்கள் எப்படி இருப்பார்கள்? அடையாளம் எளிது. அவர்களுக்கு ஜெட் இருக்காது. சிறை இருக்கும்.

திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937இல் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி. இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தார். விசாரணையே இல்லாமல் சிறையில் அடைபட்ட ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்டார். சிறையிலிருந்தவனை வந்து பார்த்தீர்களா என்று நியாயத்தீர்ப்பு நாளில் கேட்கப்படும் என்கிறது மத்தேயு 25. அதை உருவகமாக எடுத்துக்கொள்ளாத அபூர்வ மனிதர். 2020 அக்டோபரில் 83 வயதில் உபா சட்டத்தில் கைதானார். நடுக்குவாத நோயாளி. டம்ளர் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அரசுத் தரப்புக்கு இருபது நாள் அவகாசம் தேவைப்பட்டது. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே மும்பையில் இறந்தார். அவருடைய துறவற சபை அவரோடு நின்றது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் உங்கள் ஊர்ப் பிரசங்க மேடையில் அந்தப் பெயர் எத்தனை முறை ஒலித்தது? எண்ணிப் பாருங்கள். ஒரு கை போதும். விரலும் மிஞ்சும். தமிழ்நாட்டில் பிறந்து, நிபந்தனையின்றிக் கீழ்ப்படிந்து, உயிரையே பலிபீடத்தில் வைத்த ஒருவர் கையருகே இருக்கிறார். நம்மவர்கள் உதாரணம் தேடி மோரியா மலைக்குப் போகிறார்கள். மோரியா பாதுகாப்பான இடம். அங்கே அமலாக்கத் துறை வராது. வெளிநாட்டு நிதிக்கான அனுமதி ரத்தாகாது.

இதுதான் நம் திருச்சபையின் இன்றைய விசுவாசப் பிரமாணம். அரசுக்குப் பயப்படு. சாதிக்குப் பணி. நாற்காலியைப் பற்றிக்கொள். மிச்சமிருந்தால் கடவுளை நேசி. இந்த நான்கையும் கடைப்பிடிக்கிறவர்கள்தான் நம்மைப் பார்த்து முழுவதுமாக ஒப்புக்கொடு என்கிறார்கள். எவரிடம் ஒப்புக்கொடுப்பது? ரசீது யார் பெயரில்?

அனனியா, சப்பீராள் கதை வரும் அதே 5ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் கீழே வாசியுங்கள். பேதுரு விசாரணைக்காக நிறுத்தப்பட்டிருக்கிறார். மனிதர்களுக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே கடமை என்கிறார். யாரைப் பார்த்துச் சொன்னார்? ரோமப் பேரரசனைப் பார்த்தா? இல்லை. பிரதான ஆசாரியனைப் பார்த்து. ஆலய நிர்வாகத்தைப் பார்த்து. அன்றைய பெருமன்றத்தைப் பார்த்து. கிறிஸ்தவக் கீழ்ப்படிதலின் இந்த அறிக்கை மதத் தலைவர்களுக்குக் கீழ்ப்படிய மறுத்த அறிக்கை. அதை மறைத்துவிட்டுத்தான் இத்தனை வருடம் நமக்குக் கீழ்ப்படிதல் கற்பித்திருக்கிறார்கள்.

ஆகவே சபையாரே, கடவுளுக்குத் தாராளமாகக் கீழ்ப்படியுங்கள். முழுமனதோடு, மீதி வைக்காமல். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியிடம் மூன்று காரியம் கேளுங்கள். தணிக்கை செய்த வரவு செலவு அறிவிப்புப் பலகைக்கு எப்போது வரும்? நம் கல்லறையில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் புதைக்கப்படலாமா? வழக்கறிஞர் கட்டணம் எந்தக் காணிக்கையிலிருந்து போகிறது? பதில் வந்தால் ஸ்தோத்திரம். பதிலுக்குப் பதிலாக ஆபிரகாம் வந்தால், உங்கள் காணிக்கை உறையைப் பையில் போடாதீர்கள். பக்கத்துத் தெரு விதவையிடம் கொடுங்கள். உபாகமத்தில் அவள் பெயரும் இருக்கிறது.